முதல் சீசனுக்கு முன்: மலையகப் பாடசாலையில் கிரிக்கெட் பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு

நுவரெலியாவில் யாரிடமாவது "சீசன் எப்போது?" என்று கேட்டால் ஏப்ரல் என்பார்கள். குதிரைப் பந்தயம், பூக்கள், கொழும்பிலிருந்து ஏறி வரும் வாகன வரிசை. பாடசாலை கிரிக்கெட் சீசன் வேறு. 19 வயதுக்குட்பட்டோருக்கு அது பொதுவாக செப்டெம்பரில் தொடங்கி மார்ச்சில் பெருஞ்சமர்களோடு, அதாவது இரு பாடசாலைகள் வருடந்தோறும் மோதும் பெரிய ஆட்டங்களோடு, முடியும். ஏப்ரலில் நீங்கள் ஆடுகளத்தில் விரிக்கும் தும்பு மெட்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிய்ந்த கையுறைகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

தோட்டத்துப் பாடசாலைக்கோ நகரத்தை ஒட்டிய தமிழ்ப் பாடசாலைக்கோ புதிதாக நியமனம் பெற்று வந்தவருக்காக இதை எழுதுகிறேன். இரண்டாவது வாரத்திலேயே அதிபர் கூப்பிட்டு, "நீங்க இளம் ஆள்தானே சேர், கிரிக்கெட்ட பாத்துக்குங்க" என்று ஒரு சாவிக்கொத்தைக் கையில் தந்திருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் விஞ்ஞான ஆசிரியர். கவர் டிரைவ் எப்படி அடிப்பது என்று சொல்லித்தர எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்கு ஒரு பயிற்றுநரைத் தேடிக்கொள்ளலாம். மழை, பஸ், கடிதம், பசி ஆகிய நான்கையும் பொறுப்பாசிரியர்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து அணிகள் பாதிச் சீசனில் கலைந்துபோவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றினால்தான்.

முதல் வேலை: மழைக் கணக்கு

சாவியை வாங்கிய அன்றே ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் பாடசாலை மலையின் எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் எல்லாம்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்றால் மேற்குச் சரிவு. மே நடுவிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் மைதானத்தை மறந்துவிடுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கணக்கு தலைகீழ். அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காய்ந்து கச்சான் காற்று அடிக்கும். மற்றப் பக்கத்தார் குடைக்குள் இருக்கும்போது ஊவாவில் பயிற்சி நடத்தலாம். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கதை: காலையில் வெயில், இரண்டு மணிக்கு இடி.

இதைப் பார்த்தால் 19 வயதுக்குட்பட்டோர் சீசனின் முதல் பாதி நமக்கு மாலைப் பயிற்சிக்கு உதவாது என்பது தெரியும். ஆகவே ஒக்டோபர், நவம்பரில் சனிக்கிழமைக் காலை மட்டும் போதும். வார நாட்களில் மண்டபத்துக்குள் கேட்ச், சுவரில் பந்தடித்துப் பிடிப்பது, ஓட்டம். ஜனவரி பிறந்ததும் எத்தனை நட்பு ஆட்டம் ஆட முடியுமோ அத்தனை ஆடுங்கள். ஆனால் முதலாம் தவணையில்தான் இல்ல விளையாட்டுப் போட்டியும் வரும். உடற்கல்வி ஆசிரியரோடு முன்கூட்டியே பேசி நாள் பிரித்துக்கொள்ளாவிட்டால், உங்கள் வேகப்பந்து வீச்சாளர் மூன்று வாரம் ஈட்டி எறிந்துகொண்டிருப்பான்.

13, 15 வயதுப் பிரிவுகளின் போட்டிகள் பெரும்பாலும் வருடத்தின் நடுப்பகுதியில் வரும். மேற்குச் சரிவில் அது நேரே மழைக்குள். கண்டிப் பக்கம் போய் ஆடவேண்டி வரும் என்று இப்போதே பணத்தை எடுத்து வையுங்கள். பரீட்சை அட்டவணை மாறினால் இதுவும் மாறும், சுற்றறிக்கை கைக்கு வந்த பிறகே திகதியைப் பேனாவால் எழுதுங்கள்.

பதிவு

இலங்கைப் பாடசாலைகள் கிரிக்கெட் சங்கத்தின் போட்டிகளில் ஆட, பையன்களின் விபரம் அதிபரின் கையொப்பத்தோடு போகவேண்டும். வயதுக்கு ஒரு வெட்டுத் திகதி உண்டு, அதைச் சுற்றறிக்கையில் பாருங்கள். நம் பக்கத்துச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். சிலருக்குச் சான்றிதழே வீட்டில் இருக்காது, பெட்டியோடு மழையில் நனைந்து போயிருக்கும். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் பேரை (அன்றைய நாட்சம்பளத்தை) விட்டுவிட்டுப் போகவேண்டும்.

என் முதல் சீசனில் ஒரு பையனின் சான்றிதழ்ப் பிரதியை மேசை லாச்சியிலேயே விட்டுவிட்டுப் போய், 10 பேரோடு ஆடினோம். அவன் நாள் முழுக்க எல்லைக்கு வெளியே நின்று தண்ணீர்ப் போத்தல் நிரப்பினான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு கோப்பு, அதற்குள் ஒவ்வொருவனுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் மேல் நானே எழுதிய பட்டியல் என்று வைத்திருக்கிறேன். கோப்பு விளையாட்டுப் பைக்குள் போகக்கூடாது. என் தோள் பையில்.

மைதானம்

பாடசாலைக்குச் சொந்த மைதானம் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டலாம். பெரும்பாலும் இருக்காது. தோட்டத்து மைதானத்தைத்தான் கேட்க வேண்டும். துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) அதிபர் கையொப்பத்தோடு ஒரு கடிதம், அதன் பிரதி நலன்புரி உத்தியோகத்தருக்கு. கடிதத்தில் கிழமை, நேரம், எத்தனை பிள்ளைகள், யார் பொறுப்பு, குப்பை யார் அள்ளுவது எல்லாம் இருக்கட்டும். 'மைதானத்தைத் தந்துதவுமாறு' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. அப்புறம் கோயில் கமிட்டித் தலைவரையும் தோட்டத்து இளைஞர் கழகத்தையும் நேரில் பாருங்கள். தேர்த் திருவிழா நாட்களில் அந்த மைதானம் கடைத்தெருவாகிவிடும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்றால் மென்பந்துச் சுற்றுப்போட்டி வைப்பார்கள். அவர்களைக் கேட்காமல் நாள் குறித்தால் சண்டை உங்களுக்கும் அவர்களுக்கும் இல்லை, உங்கள் பையனுக்கும் அவன் அண்ணனுக்கும்.

ஒருமுறையாவது பையன்களை றதல்லைக்கோ டரவளைக்கோ கூட்டிப்போய் ஒரு ஆட்டத்தைக் காட்டுங்கள். தோட்டத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கழகங்களின் மைதானங்கள் அவை. டிம்புளை கழகம் றதல்லையில், டிக்கோயா மஸ்கெலியா கழகம் டரவளையில். சுற்றிலும் தேயிலை, நடுவில் சீப்பு வாரியது போல் புல். நம் பாட்டன் பூட்டன்மார் அந்தப் புல்லை வெட்டியிருப்பார்கள், உள்ளே ஆடியிருக்க மாட்டார்கள். இதைப் பையன்களுக்குப் பேருரையாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் அணியில் ஒருவன் எல்லைக் கயிற்றில் கை வைத்து, "சேர், இதுல டைவ் அடிச்சா வலிக்காதே" என்றான். அதுதான் அவனுக்கு முக்கியம்.

மெட் விரிப்பது

நம் பக்கத்து ஆடுகளம் பெரும்பாலும் கொங்கிறீட் துண்டு. அதன் மேல் தும்பு மெட். இதை ஒழுங்காக விரிக்கத் தெரிந்தால் காயங்களில் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

முதலில் கொங்கிறீட்டை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுங்கள். ஒரு சிறு கல் மெட்டுக்குக் கீழே இருந்தாலும் பந்து அந்த இடத்தில் பாம்பு மாதிரி எழும்பும். மெட்டை உருட்டி விரித்ததும் நான்கு பேர் நான்கு மூலையில் நின்று இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை ஆணியடித்துப் பூட்டிய பிறகே மறுபக்கம். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கையால் தடவிப் பாருங்கள், சுருக்கம் இருந்தால் கழற்றித் திரும்ப இழுங்கள். பந்து வீசுபவன் கால் பதிக்கும் இடத்தில் ஒரு விரலளவு மடிப்பு இருந்தாலும் கணுக்கால் புரளும். விக்கெட்டிலிருந்து விக்கெட்டுக்கு 20.12 மீற்றர், விக்கெட் கோட்டிலிருந்து முன்கோடு 1.22 மீற்றர். இந்த இரண்டு அளவுக்கும் முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆணிச் சப்பாத்து மெட்டில் கூடாது, ரப்பர் அடிதான்.

நனைந்த மெட்டை எட்டுப் பேர் சேர்ந்தாலும் தூக்குவது கஷ்டம். ஆகவே தூறல் விழத் தொடங்கியதுமே சுருட்டிவிட வேண்டும், "இன்னும் ஒரு ஓவர் சேர்" என்பதைக் கேட்கக்கூடாது. நனைந்துவிட்டால் சுருட்டி வைக்காதீர்கள், உள்ளுக்குள் பூஞ்சை பிடித்து அறுந்து போகும். கம்பி வேலியில் போட்டுக் காயவிடுங்கள்.

மெட்டில் பந்து உயரமாக எழும்பும், நன்றாகத் திரும்பும். அதில் பழகிய பையன் பின்காலில் நின்றே எல்லாவற்றையும் வெட்டுவான். அவனைக் கண்டியில் புல் ஆடுகளத்தில் இறக்கினால் பந்து தாழ்வாக வந்து கால் பேடில் படும். எல்.பி.டபிள்யூ. எங்கள் முதல் புல் ஆட்டத்தில் ஐந்து பேர் அப்படிப் போனார்கள். புல்லில் ஆடப்போகும் வாரம், மெட் இல்லாமல் மண்ணில் தாழ்வாகப் பந்தை உருட்டி எறிந்து முன்காலைப் போட்டு ஆடப் பழக்குங்கள். அழகான பயிற்சி இல்லைதான், ஆனால் வேலை செய்கிறது.

மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு

உங்களிடம் வரும் பையன்கள் எல்லாரும் ஏற்கெனவே கிரிக்கெட் ஆடுபவர்கள். லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில், காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில், தேயிலை மலைக்குப் போகும் பாதையில். எல்லாம் மென்பந்து. கை வலு, கண், எறி எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் எறிந்து பழகியவர்கள் என்பதால் எல்லையிலிருந்து விக்கெட் காப்பாளர் கைக்கு நேராக எறிவார்கள். நகரத்துப் பயிற்றுநர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பதைக் கண்டிருக்கிறேன்.

இல்லாதது ஒன்று: பட்டால் எலும்பை உடைக்கும் கடினப்பந்தோடு பழக்கம். தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். 13 வயதுக்குட்பட்டோருக்கு அதைவிடச் சிறியது, 133 முதல் 144 கிராம். சின்னவர்களுக்குப் பெரிய பந்தைக் கொடுத்து 'பழகட்டும்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் துடுப்பே வேண்டாம். டென்னிஸ் பந்தில் பதினைந்து நிமிடம் கேட்ச், பிறகு பழைய தோல் பந்தைப் பக்கத்திலிருந்து கீழ்க்கையால் எறிந்து கேட்ச். ஜனவரிக் காலையில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி இருக்கும், விரல் மரத்துப்போயிருக்கும். அந்த விரலில் கடினப்பந்து பட்டால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கிழிந்துவிடும். ஒன்பது மணிக்கு முன் தோல் பந்தை வெளியே எடுப்பதில்லை என்று நான் சட்டம் வைத்திருக்கிறேன்.

பந்துவீச்சில் மென்பந்துப் பழக்கம் ஒன்று கட்டாயம் வரும்: முழங்கையை மடக்கி எறிவது. தோட்டத்து ஆட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பாடசாலை ஆட்டத்தில் நடுவர் நோபோல் என்று கையை நீட்டுவார். "முரளிக்கு மட்டும் விட்டாங்களே சேர்" என்று ஒருவன் நிச்சயம் சொல்வான். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனுக்கு ஏழு தடவை நோபோல் கொடுத்தார்கள் என்பதையும், அவர் கை பிறவியிலேயே முழுதாக நிமிராது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் அவனை ஒரு அடி ஓட்டத்தில் நின்ற இடத்திலேயே வீசவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

முரளியின் கதையில் எனக்குப் பயன்பட்ட பகுதி வேறு. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். 14 வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோதான் அவரைச் சுழலுக்கு மாற்றினார். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட் விழுந்தது. உங்கள் பையன்களில் யார் எதற்குப் பொருத்தம் என்று முதல் மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். எல்லாரையும் இரண்டு விதமாகவும் வீசவிட்டுப் பாருங்கள். எங்கள் மெட்டில் மெதுவாக வீசித் திருப்பத் தெரிந்தவனுக்குத்தான் விக்கெட்.

வேகமாக வீசுபவர்களைக் கசக்காதீர்கள். இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்டவர்கள் தொடர்ந்து 5 ஓவருக்கு மேல் வேகமாக வீசக்கூடாது என்று வழிகாட்டல் வைத்தார்கள். நமக்கும் அது போதும். கடைசி ஓவர்களில் 'அவன் ஒருத்தன்தான் சேர் இருக்கான்' என்ற நிலை வந்தால் தோற்றுவிட்டு வாருங்கள்.

பைக்குள் என்ன

புதிதாக வாங்க எல்லாவற்றுக்கும் பணம் இருக்காது. எதை முதலில் வாங்குவது என்பதைத்தான் சொல்ல முடியும். கால் காப்புகளுக்கு முன் ஹெல்மெட். 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்த பிறகு, பின்கழுத்துக் காப்போடு ஹெல்மெட் வருகிறது. அப்படிப்பட்டதையே கேளுங்கள். நான்கு வேண்டும்: ஆடுகிற இருவருக்கு, அடுத்து இறங்குபவனுக்கு, விக்கெட் காப்பாளருக்கு. இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு ஆட்டமிழந்து வருபவன் தலையிலிருந்து கழற்றி அடுத்தவன் போடுவது நம் பக்கத்தில் சாதாரணம். வியர்வை ஒரு பக்கம் இருக்கட்டும், அளவு சரிவராது, நேரமும் போகும். 2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் அஞ்சலோ மெத்தியூஸ் பங்களாதேசுக்கு எதிராக நேரம் தவறி, அதாவது உரிய நேரத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகாததால், ஆட்டமிழந்தார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படிப் போன முதல் ஆள் அவர்தான். அறுந்துபோனது ஹெல்மெட் பட்டிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பட்டிகளை இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு பையனை நியமியுங்கள்.

உள் கார்ட் (இடுப்புக்குக் கீழே உள்ளுக்குள் போடும் காப்பு) ஒவ்வொருவனும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். இதைக் கூச்சப்படாமல் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பகிர்ந்து போடவே கூடாத பொருள் இது ஒன்றுதான்.

துடுப்பு காஷ்மீர் வில்லோ போதும். ஆனால் கடையிலிருந்து வந்ததும் பந்தை அடித்தால் உடையும். லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டு முகத்திலும் ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, படுக்க வைத்து ஒரு இரவு விடுங்கள். கைபிடி சேரும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பிறகு மரச்சுத்தியால் தட்ட வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் பலமாக, ஓரத்தைச் சரிவாக. மொத்தம் ஐந்தாறு மணித்தியாலமாவது ஆகும், நாளுக்கு அரை மணி என்று பிரித்துக்கொள்ளலாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு வரும்போது பழைய பந்தில் தொடங்கலாம். எங்கள் ஊரில் அடிமுனைதான் முதலில் போகும். ஈர மெட்டில் துடுப்பைத் தட்டிக்கொண்டு நிற்பதால் தண்ணீர் ஏறி முனை வீங்கும். ஒரு துண்டு ரப்பரை அடியில் ஒட்டிவிட்டால் சீசன் தாங்கும். சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்தால் செய்துதருவார்.

பணத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர்கள், நகரத்துக் கடைக்காரர்கள். பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து 'என்ன வேணும் சேர்' என்று கேட்டால் 'உங்க இஷ்டம்' என்று சொல்லாதீர்கள். 11 மஞ்சள் டீஷேர்ட் வரும். 'இரண்டு ஹெல்மெட், ஒரு டசன் பந்து' என்று சொல்லுங்கள்.

வீட்டில் பேசுவது

பெற்றோர் கூட்டத்தைப் பாடசாலை நேரத்தில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வர ஐந்து மணியாகும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. நீங்களே லயத்துக்குப் போனால் இன்னும் நல்லது. காசு கேட்கும் பேச்சைச் சம்பளம் போடும் பத்தாம் திகதிக்கு முன் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி ஒன்றுதான் வரும். "பந்து அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சா ஓ.எல். யாரு சேர் எழுதுறது?" நியாயமான கேள்வி. கிரிக்கெட் ஆடினால் தேசிய அணி என்று ஆசை காட்டாதீர்கள், அது பொய். நான் சொல்வது இது: பயிற்சி வாரத்தில் இரண்டு நாள், நாலு மணிக்கு முடியும், பயிற்சிக்கு முன் அரை மணி நேரம் வகுப்பறையில் வீட்டுப்பாடம், தவணைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சி நிற்கும். சொன்னதைக் காப்பாற்றினால் அடுத்த வருடம் தம்பியையும் அனுப்புவார்கள்.

பயிற்சி நாள்

காலையில் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு நாலு கிலோமீற்றர் நடந்து வந்தவனை மதியம் இரண்டு மணிக்கு ஓடவிட்டால் தலைசுற்றி விழுவான். பயிற்சிக்கு முன் அவித்த கடலையும் பிளேன் டீயும். இதற்கான காசை வேறு எதிலும் குறைத்தாவது எடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் பயிற்சி முடிக்கும் நேரத்தை வைக்காதீர்கள். மூட்டம் இறங்கிய பாதையில் பையனை ஒற்றையாக அனுப்பக்கூடாது, ஒரே பக்கத்துப் பையன்கள் சேர்ந்து போகட்டும்.

இடி: மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரும் உள்ளே. கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. மரத்துக்குக் கீழே நிற்பதும் கம்பி வேலியில் சாய்வதும் 'உள்ளே' ஆகாது.

அட்டை: தேயிலைக்குள் பந்து தேடப்போனவன் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்போ சவர்க்காரமோ சித்தாலேபவோ ஒரு டப்பா போதும்.

வெளியூர்ப் பயணம்

ஹட்டனிலிருந்து கண்டிக்கு வளைவு வளைவாக இரண்டரை மூன்று மணித்தியாலம். பஸ்ஸில் அதிகம் போய்ப் பழகாத பையன்கள் கினிகத்தேனை தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பார்கள், அதோடு காலை இன்னிங்ஸ் முடிந்தது. வெறும் வயிற்றிலும் ஏற்றாதீர்கள், பால் தேநீரும் கொடுக்காதீர்கள். பாண், வாழைப்பழம், கையில் ஒரு தேசிக்காய். முடிந்தால் முந்தின நாளே போய்த் தெரிந்த பாடசாலையில் தங்குங்கள். மழைக் காலத்தில் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் பிரதேசத்தின் பெயர் இருந்தால் அதிபரிடம் சொல்லி ஆட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

அங்கே நடுவரும் எதிரணியும் சிங்களத்தில் பேசுவார்கள். பந்தை மாற்றக் கேட்பது, காயத்துக்கு நேரம் கேட்பது, நாணயச் சுழற்சியில் வென்றால் என்ன தேர்ந்தோம் என்று சொல்வது, இந்த நாலைந்து வசனங்களை அணித்தலைவனும் உப தலைவனும் முன்பே சொல்லிப் பழகட்டும். சொல்லத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்து பிறகு முணுமுணுப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஸ்கோர் புத்தகம்

யாரும் கவனிக்காத வேலை, கடைசியில் சண்டை வருவது இங்கேதான். இரண்டு பேரைப் பழக்குங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல ஸ்கோரர் பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. துடுப்பைத் தொட்டதில்லை, கணக்கில் புலி. அவள் கண்டுபிடித்த வழி: ஒவ்வொரு ஐந்து ஓவருக்கும் துடுப்பாட்டக்காரர் ஓட்டங்களையும் உதிரிகளையும் கூட்டு, மறுபக்கம் பந்துவீச்சாளர்கள் கொடுத்ததையும் பை, லெக்பை (துடுப்பில் படாத பந்தில் ஓடி எடுத்த உதிரி ஓட்டங்கள்) இரண்டையும் கூட்டு. இரண்டும் ஒன்றாக வரவேண்டும். வைட், நோபோல் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக்பையும் ஏறாது. பிழை ஐந்து ஓவருக்குள் பிடிபட்டால் திருத்தலாம், நாற்பதாவது ஓவரில் பிடிபட்டால் எதிரணி ஆசிரியர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

பத்திரிகையில் ஒரு சீசனில் 1,000 ஓட்டம், 100 விக்கெட் எடுத்தவர்களைப் படம் போட்டு எழுதுவார்கள். நம் அணி ஆடுகிற ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு அது எட்டாது. ஆனாலும் ஒவ்வொருவன் கணக்கையும் தனித்தாளில் எழுதிச் சீசன் முடிவில் கையில் கொடுங்கள். அதைப் பொலித்தீன் போட்டுச் சுவரில் மாட்டிய வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆட்ட நாள்

நாணயச் சுழற்சிக்கு முன் எதிரணித் தலைவனோடும் நடுவரோடும் மைதானத்தை ஒரு சுற்று நடக்கச் சொல்லுங்கள். தேயிலை ஓரத்தில் எது நான்கு, எது ஆறு, மூட்டத்தில் விழுந்த இடம் தெரியாவிட்டால் யார் சொல்வதை ஏற்பது என்று அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

வென்றால் என்ன எடுப்பது? எங்கள் பக்கத்தில் ஒருநாள் ஆட்டத்துக்கு நான் முதலில் பந்துவீசத்தான் சொல்வேன். மதியத்துக்கு மேல் தூறல் வந்தால் பந்து சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கும், சுழல் பந்துவீச்சாளன் பாவம். கண்டியில் வெயில் நாள் என்றால் துடுப்பெடுத்தாடட்டும். இரண்டு நாள் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கே புள்ளி உண்டு. மழை எப்போதும் பக்கத்து மலையில் நிற்கும் ஊர்களில் பெரும்பாலான ஆட்டங்கள் அதோடுதான் முடியும். ஆகவே கடைசி விக்கெட் சோடிக்கும் துடுப்புப் பயிற்சி கொடுத்து வைத்திருங்கள். எட்டு ஓட்டம் முன்னிலை என்றாலும் முன்னிலைதான்.

தலையில் அடிபட்ட எவனும், 'ஒன்னுமில்ல சேர்' என்று சொன்னாலும், அன்றைக்குத் திரும்ப ஆடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மெட்டைச் சுருட்டியதும்

இரண்டு வெயில் நாள் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள், இல்லாவிட்டால் எலி குடிவரும். ஹெல்மெட்டுகளைத் துடைத்து, உடைந்ததைத் தனியே. பொருட்பட்டியலை இரண்டு பிரதி எழுதி ஒன்றை அதிபரிடம் கொடுங்கள். பந்துக் கணக்கு ஒருபோதும் சரிவராது. நாங்கள் ஒரு சீசனில் 19 பந்து வாங்கி, கையில் மிஞ்சியது 4.

நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மைதானத்துக்குக் கீழே உள்ள மலையில் கவ்வாத்து வெட்டுவார்கள், அதாவது தேயிலைச் செடிகளைத் தறித்துவிடுவார்கள். போன தடவை வெட்டியபோது ஒரு கங்காணி ஐயா உரப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வந்தார். "சேர், ஒங்க சாமான்" என்று தரையில் கொட்டினார். 11 பந்து. வீங்கி, தையல் விட்டு, பாசி பிடித்து. இரண்டு எங்களுடையதே இல்லை, எனக்கு முன்னிருந்த ஆசிரியர் காலத்தது. வெயிலில் போட்டோம். ஆறு தேறியது. சின்னவர்களுக்குக் கேட்ச் பழக அவைதான் இப்போது.